தூதுறவு ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்களைப் பிழையறக் கையாளும் முறை

பன்னாட்டு உறவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் தமிழ் மாணவரும் இதழாளரும் மொழிபெயர்ப்பாளரும் கலைச்சொற்களைப் பெரும்பாலும் சரியாகவே தேர்கின்றனர். அவற்றை இணைக்கும் 'டு', 'ஆன்', 'அண்டர்' போன்ற சிறு சொற்களில், அதாவது ஆங்கில இலக்கணம் முன்னிடைச்சொற்கள் என வகுப்பவற்றில், பிழை நேர்கிறது. தமிழில் பெயருக்குப் பின்னே ஒட்டும் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே நிற்கும் இச்சொற்கள் செய்கின்றன என்பது உண்மையே எனினும், ஓர் உருபுக்கு ஒரு முன்னிடைச்சொல் என்ற நேர்ப்பொருத்தம் இரு மொழிகளுக்கும் இடையே இல்லை. ஆகவே உருபை மொழிபெயர்க்காமல், அந்த இடத்தில் குறிக்கப்படும் உறவு என்ன என்று கேட்டு, அதற்குரிய சொல்லைத் தேர்வதே முறையாகும்.

முதலில் பதவிப் பெயர்களில் இக்கேள்வியைப் பழகிக்கொள்ளலாம். 'இலங்கைக்கான இந்திய உயர் ஆணையர்', 'அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர்' என்னும் இரண்டிலும் தமிழ் நான்காம் வேற்றுமையையே பயன்படுத்துகிறது. ஆங்கிலமோ முன்னதற்கு 'ஹை கமிஷனர் டு ஸ்ரீலங்கா' என்றும் பின்னதற்கு 'ஹை கமிஷனர் ஃபார் ரெஃப்யூஜீஸ்' என்றும் பிரித்து வழங்குகிறது. ஒருவரை ஏற்றுக்கொள்ளும் நாட்டையோ அமைப்பையோ 'டு' காட்ட, அவர் பொறுப்பேற்றிருக்கும் துறையை 'ஃபார்' காட்டுகிறது. அனுப்பும் நாட்டுக்கு 'ஆஃப்' வரும் என்பதால் 'பெர்மனன்ட் ரெப்ரசென்டேட்டிவ் ஆஃப் இந்தியா டு தி யுனைடெட் நேஷன்ஸ்' என்னும் தொடரில் இரு முனைகளும் தெளிவாக நிற்கின்றன. துணைத்தூதர் எனப்படும் கான்சல், நாட்டின் தலைவரிடம் நற்சான்று அளித்து அமர்பவர் அல்லர். ஒரு நகரிலிருந்து அதனைச் சூழ்ந்த பகுதிக்குப் பணியாற்றுபவர். எனவே அவர் பதவியோடு நகரின் பெயர் 'இன்' அல்லது 'அட்' பெற்று வரும்.

அடுத்து, ஒப்பந்தத் தலைப்புகளைப் பகுத்துப் படிக்க வேண்டும், ஏனெனில் அவற்றில் ஒவ்வொரு முன்னிடைச்சொல்லுக்கும் தனிக் கடமை உண்டு. தரப்பினரை 'பிட்வீன்' சுட்டும், பொருளை 'ஆன்' சுட்டும், கையெழுத்தான இடத்தை 'ஆஃப்' சுட்டும். 1919ஆம் ஆண்டின் வெர்சாய் ஒப்பந்தம் 'ட்ரீட்டி ஆஃப் வெர்சாய்' என்றும், 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை 'கன்வென்ஷன் ஆன் டிப்ளமாட்டிக் ரிலேஷன்ஸ்' என்றும் வழங்குவது இதனால்தான். கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமையும்படி எல்லை வகுத்த 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின் தலைப்பு, இரு நாடுகளைச் சுட்ட 'பிட்வீன்', பொருளாகிய எல்லையைச் சுட்ட 'ஆன்', வரலாற்று நீர்ப்பரப்பைச் சுட்ட 'இன்' ஆகியவற்றை ஒருங்கே கொண்டிருப்பதால் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. தடைசெய்யும் நோக்கமுடைய உடன்படிக்கையில் 'அகெய்ன்ஸ்ட்' வரலாம். 1984ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை அவ்வகையினது.

ஒரு நாட்டுக்கும் உடன்படிக்கைக்கும் உள்ள உறவை எழுதும்போது 'டு' மேலோங்கி நிற்கும். கையெழுத்திட்ட நாடு 'சிக்னேட்டரி டு'. கட்டுப்பட ஒப்புக்கொண்ட நாடு 'பார்ட்டி டு'. பிறர் முன்னரே செய்துகொண்ட உடன்படிக்கையில் பின்னர் இணைவது 'அக்சீட் டு'. சில பிரிவுகளை ஏற்காமல் ஒதுக்கிவைக்கும் அறிவிப்பு 'ரிசர்வேஷன் டு'. விலகலுக்கு மட்டும் 'வித்ட்ரா ஃப்ரம்' என 'ஃப்ரம்' வரும். அமெரிக்கா 1995இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் கையெழுத்திட்டும் அதை உறுதிசெய்யவில்லை என்பதால் 'சிக்னேட்டரி டு' எனலாமே ஒழிய 'பார்ட்டி டு' என எழுதுதல் தவறு. அதிகாரத்தின் ஊற்றைக் காட்ட 'அண்டர்' வேண்டும்: 1990இல் குவைத் விவகாரத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 678ஆம் தீர்மானம், ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் 'கீழ்' செயல்படுவதாகக் கூறுகிறது. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் பழகிப்போன 'ஆஸ் பெர்' இத்தகைய இடத்துக்குப் பொருந்தாது.

கூட்டறிக்கைகளை எழுதுவோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய வினை 'அக்ரீ' ஆகும். ஒருவரின் கருத்தோடு ஒத்துப்போவது 'அக்ரீ வித்', ஒருவர் முன்வைத்த யோசனைக்கு இசைவது 'அக்ரீ டு', இரு தரப்பும் சேர்ந்து ஒன்றை முடிவுசெய்வது 'அக்ரீ ஆன்'. இருவரும் சேர்ந்து வகுத்த கால அட்டவணையைப் பற்றி ஒரு தரப்பை மட்டும் எழுவாயாக்கி 'அக்ரீட் டு' என எழுதினால், மற்றவரின் கோரிக்கைக்கு அத்தரப்பு இணங்கிவிட்டது என்று படிப்பவர் கொள்ளக்கூடும். இவ்வாறே 'கால் ஃபார்' என்பதன் பின் கோரப்படும் பொருளும், 'கால் அபான்' என்பதன் பின் கோரப்படும் தரப்பும் வரவேண்டும்: போர்நிறுத்தத்துக்கு முன்னது, போரிடும் அரசுகளுக்குப் பின்னது. 'கால் ஆன்' என்பதற்கு மரியாதை நிமித்தம் சந்தித்தல் என்ற பொருளும் இருப்பதால், அதன் பின் என்ன செய்யும்படி கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

போரைப் பற்றி எழுதுகையில் முன்னிடைச்சொல் ஒரு தீர்ப்பையே சுமந்து வரக்கூடும். 'வார் இன்' என்பது இடத்தை மட்டும் சொல்லி, தொடுத்தவர் யார் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. 'வார் வித்' எதிர்த்தரப்பைப் பெயரிட்டாலும் தாக்கியவரைத் தனித்துக் காட்டுவதில்லை. 'வார் அகெய்ன்ஸ்ட்' தாக்குதலின் இலக்கைக் காட்டுகிறது. ஐ.நா. பொதுச்சபை 2022 மார்ச் 2 அன்று நிறைவேற்றிய தீர்மானம் 'அக்ரெஷன் அகெய்ன்ஸ்ட் யுக்ரெய்ன்' என்று தலைப்பிடப்பட்டது. அங்கே 'இன்' என்று மாற்றினால் தீர்மானத்தின் கருத்தே சிதைந்துவிடும். அதே தீர்மானத்துக்கு 141 நாடுகள் 'இன் ஃபேவர்' ஆகவும் 5 நாடுகள் 'அகெய்ன்ஸ்ட்' ஆகவும் வாக்களித்தன. இந்தியா உட்பட 35 நாடுகள் 'அப்ஸ்டெயின்' செய்தன. இவ்வினைக்குப் பின் தீர்மானம் வந்தால் 'ஆன்', வாக்களித்தல் என்ற செயல் வந்தால் 'ஃப்ரம்'. பொதுவழக்கில் 'அட்டாக்' என்ற பெயருக்கு 'ஆன்' வந்தாலும், 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம் 51ஆம் உறுப்பிலும் 1949ஆம் ஆண்டின் வடஅட்லாண்டிக் ஒப்பந்தம் 5ஆம் உறுப்பிலும் 'அகெய்ன்ஸ்ட்' என்றே ஆள்வதால், சட்டப்பொருளில் எழுதுவோர் அதையே பின்பற்றுதல் நன்று.

முன்னிடைச்சொல்லே வேண்டாத வினைகளைத் தனியே குறித்துவைத்தல் அடுத்த படியாகும். தமிழில் 'பற்றி விவாதித்தனர்' என்பது இயல்பாக இருப்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழை எளிதில் நுழைகிறது. 'டிஸ்கஸ்', 'எம்ஃபசைஸ்', 'ரிக்வெஸ்ட்' மூன்றும் செயப்படுபொருளை நேரடியாக ஏற்பவை. அவற்றின் பெயர்வடிவங்களுக்கோ 'டிஸ்கஷன் ஆன்', 'எம்ஃபசிஸ் ஆன்', 'ரிக்வெஸ்ட் ஃபார்' என முன்னிடைச்சொல் தேவைப்படுகிறது. 'என்டர்' நாட்டுக்குள் நுழைவதைக் குறிக்கையில் தனித்தும், பேச்சுவார்த்தையில் இறங்குவதையோ உடன்படிக்கை நடைமுறைக்கு வருவதையோ குறிக்கையில் 'இன்டு' சேர்ந்தும் வரும்.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு தொடரையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும்; ஐ.நா.வின் தீர்மானத் தொகுப்பும், அரசுகளின் வெளியுறவு அமைச்சகங்கள் வெளியிடும் ஒப்பந்த வாசகங்களும் இதற்குப் போதுமானவை. மேற்கோளாயின் நினைவை நம்புதல் கூடாது. மியூனிக் உடன்பாட்டை முடித்துத் திரும்பிய பிரித்தானியப் பிரதமர் நெவில் சேம்பர்லின் 1938 செப்டம்பர் 30 அன்று 'பீஸ் ஃபார் அவர் டைம்' என்றே கூறினார். ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலின் பழகிய தொடர் செவியில் நின்றதால் அதை 'பீஸ் இன் அவர் டைம்' என மாற்றி மேற்கோள் காட்டும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது.