சொல் அறிவோம்: ‘லே ஆஃப்’

தமிழில் ‘கை’ என்பதும் ‘விடு’ என்பதும் சேர்ந்து ‘கைவிடு’ என்று புதுப்பொருள் தருகின்றன. ஆங்கிலத்திலும் வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் சேர்ந்து இவ்வாறு பொருள் மாறுவதுண்டு. தோட்டத் தொழிலாளர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ‘லே ஆஃப்’ என்பது அத்தகைய ஒன்றாகும்.

‘லே’ என்றால் கிடத்துதல், வைத்தல். ‘ஆஃப்’ என்றால் அப்பால், விலகி. ஆகவே ‘அப்பால் எடுத்து வைத்தல்’ என்பதே இதன் முதற்பொருள். உடுத்திய ஆடையைக் களைந்து வைப்பதற்கும் இச்சொல் வழங்கிற்று. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில், வேலை குறைந்த காலத்தில் தொழிலாளரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதை இச்சொல்லால் குறிக்கலாயினர். இன்று வைத்த பால்வெட்டுக் கத்தியை நாளை விடியலில் மீண்டும் எடுப்பதுபோல, வேலை வந்ததும் திரும்ப அழைப்பர் என்பது அதன் கருத்து. நாளடைவில் நிரந்தர ஆட்குறைப்பையும் இச்சொல் குறிக்கலாயிற்று.

எவ்வாறாயினும், இச்சொல்லில் தொழிலாளியின் குற்றம் எதுவும் இல்லை. வேலை இல்லை என்பதே காரணம். ஒழுங்கீனத்திற்காக நீக்குவதை ‘டிஸ்மிஸ்’ என்பர். இவ்வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்துதல் வேண்டும். ஏனெனில், முறையான விசாரணைக்குப் பின் ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவருக்கு ஆட்குறைப்பு உதவித்தொகை இல்லை.

தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிகள் இதனைத் தெளிவுபடுத்துகின்றன. வேலை கொடுத்தால்தான் கூலி என்னும் முறையில் உழைப்பவருக்கு, தொடர்ந்த 4 வாரங்களில் குறைந்தது 12 வேலை நாட்களுக்கு நிருவாகம் வேலையும் கொடுக்காமல், அந்நாட்களுக்குக் கூலியும் தராமல் இருந்தால், அவர் ‘லே ஆஃப்’ செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். கடிதத்தில் அச்சொல் இருக்க வேண்டும் என்பதில்லை.

சில விலக்குகள் நீங்கலாக, ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்தவருக்கு உதவித்தொகை உண்டு. சேவை 2 ஆண்டுக்குக் குறைந்தால், ஆண்டுக்கு 10 நாள் கூலி. 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். ஆகவே 6 ஆண்டு உழைத்தவருக்கு 120 நாள் கூலி சேரும். அதனை 7 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

எனவே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவோம். வேலை கொடுக்கப்படாத நாட்களைக் குறித்து வைப்போம். கடிதம் வந்தால், எந்தச் சொல் எழுதப்பட்டுள்ளது என்பதைப் படித்தறிந்த பின்னரே கையெழுத்திடுவோம். ஐயம் எழுந்தால் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ நாடுவோம்.