ராம் முதல் எஸ்எம்பிஎஸ் வரை: உங்கள் கம்ப்யூட்டருக்குச் சரியான மாற்று பார்ட் எது?

கம்ப்யூட்டரில் ராம் மெமரி கெட்டுவிட்டது. கடைக்குச் சென்று, "என்னுடையது ஐ5 கம்ப்யூட்டர். 8 ஜிபி ராம் ஒன்று கொடுங்கள்" என்று கேட்கிறோம். கடைக்காரர் மேலும் எதுவும் கேட்காமல் ஒன்றை எடுத்துத் தந்தால், அவர் ஊகத்தில் தருகிறார் என்று பொருள். கோர் ஐ5 என்ற பெயரில் இன்டெல் 2009 முதல் பிராசசர்களை விற்று வந்திருக்கிறது. அவற்றில் டிடிஆர்3 ராம் எடுப்பவை உண்டு; டிடிஆர்4 எடுப்பவை உண்டு; டிடிஆர்5 எடுப்பவையும் உண்டு. "ஐ5 கம்ப்யூட்டர்" என்பது "சிவப்பு நிற பைக்" என்பது போலத்தான். அதை வைத்து உதிரி பாகம் வாங்க முடியாது.

கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். மதர்போர்டு ஒரு நிறுவனம், ராம் இன்னொன்று, கேபினட் வேறொன்று. இந்தக் கலவைக்கு என்று மாடல் எண் எதுவும் கிடையாது. எனவே ஒவ்வொரு பார்ட்டையும் அதனதன் பெயரால்தான் அடையாளம் காண வேண்டும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மதர்போர்டின் பெயர். மற்றவை பெரும்பாலும் அதைச் சார்ந்தவையே.

கம்ப்யூட்டர் இயங்கும் நிலையில் இருந்தால் கேபினட்டைத் திறக்காமலேயே இதனைப் பார்க்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் ரன் கட்டத்தில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ ஆகிய ஆங்கில எழுத்துக்களையும் அடுத்து 32 என்ற எண்ணையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். சிஸ்டம் இன்பர்மேஷன் விண்டோ திறக்கும். இதில் சிஸ்டம் மாடல் என்ற வரிக்கு எதிரே "டு பீ ஃபில்டு பை ஓ.இ.எம்." என்று இருந்தால் பயப்பட வேண்டாம். இது வைரஸ் வேலை அல்ல. கம்ப்யூட்டரை உருவாக்குபவர் நிரப்ப வேண்டிய இடம் காலியாக விடப்பட்டுள்ளது, அவ்வளவுதான். நமக்குத் தேவை அதற்குக் கீழே உள்ள பேஸ்போர்டு மேனுபேக்சரர், பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற இரண்டு வரிகள். இவற்றை எழுத்து விடாமல் எழுதிக் கொள்ளவும்.

எழுத்து விடாமல் என்பதற்குக் காரணம் உண்டு. ஆசஸ் நிறுவனத்தின் பிரைம் பி660எம்-ஏ வரிசையில், பெயரின் இறுதியில் டி4 என்று இருந்தால் அந்த போர்டு டிடிஆர்4 ராமுக்கானது. இந்த இரண்டு எழுத்துக்களைக் கவனிக்காமல் டிடிஆர்5 ராம் வாங்கினால் அது ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். "கொஞ்சம் டைட்டாக இருக்கிறது" என்று அழுத்தி ஸ்லாட்டை உடைத்தவர்கள் உண்டு. ராம் சரியானதாக இருந்தால் வெட்டு தானாகவே பொருந்தும்.

ராம் பற்றி முழுமையாக அறிய, சிபியு-இசட் என்ற இலவச புரோகிராம் உதவும். இதில் எஸ்பிடி என்னும் டேபைக் கிளிக் செய்திடவும். எந்த ஸ்லாட்டில் எந்த நிறுவனத்தின் ராம் உள்ளது, அதன் பார்ட் நம்பர் என்ன என்பது வரை காட்டப்படும். ராம் பட்டையிலேயே உள்ள சிறிய சிப் ஒன்றிலிருந்து இந்தத் தகவல் படிக்கப்படுகிறது. எனவே லேபிள் கிழிந்திருந்தாலும் கவலை இல்லை.

பழைய ராம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வர்களிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ராம்கள் சந்தையில் குறைந்த விலைக்கு வருகின்றன. இவை வீட்டுக் கம்ப்யூட்டரின் ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும். ஆனால் கம்ப்யூட்டர் இயங்காது. லேபிளில் பிசி4-2400டி என்பது போன்ற எண்ணை அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். யு என்றால் வீட்டு டெஸ்க்டாப்புக்கானது, எஸ் என்றால் லேப்டாப்புக்கானது, ஆர் என்றால் சர்வருக்கானது.

பொருந்துவதெல்லாம் இயங்கிவிடாது என்பதற்கு பிராசசரிலும் ஓர் உதாரணம் உண்டு. எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட் 2015ல் இன்டெல்லின் 6 ஆம் தலைமுறையுடன் வந்தது. 2017ல் வந்த 8 ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கும் அதே பெயர், அதே அளவு சாக்கெட். ஆனால் அவற்றுக்கு 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும். பழைய 100, 200 வரிசை போர்டுகளில் வைத்தால் இயங்காது. எனவே சாக்கெட் பெயரை மட்டும் நம்பாமல், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டுக்கான சிபியு சப்போர்ட் பட்டியலைப் பார்க்கவும். அதில் எந்த பயாஸ் பதிப்பு தேவை என்பதும் தரப்பட்டிருக்கும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை எனில் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் பக்கத் தகட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும். மதர்போர்டின் பெயர் போர்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். கூடவே ரெவ் 1.0 அல்லது ரெவ் 2.0 என்று இருந்தால் அதையும் குறித்துக் கொள்ளவும். ஒரே பெயரில் இரு பதிப்புகள் இருந்தால் அவற்றின் பயாஸ் பைல்கள் வேறுபடலாம். மொபைல் போனில் ஒரு படம் எடுத்துக் கொண்டால் கடையில் காட்ட வசதி.

இனி எஸ்எம்பிஎஸ். தவறான ராம் வாங்கினால் பெரும்பாலும் அந்தப் பணத்தோடு போகும். தவறான மின் இணைப்பு மற்ற பார்ட்களையும் சேர்த்து எரித்துவிடும். 1990களின் பிற்பகுதியில் வந்த சில டெல் கம்ப்யூட்டர்களில் மின் கனெக்டர் பார்ப்பதற்கு எல்லாரும் பயன்படுத்தும் ஏடிஎக்ஸ் கனெக்டர் போலவே இருந்தது. உள்ளே வயர்களின் வரிசை மட்டும் வேறு. சாதாரண எஸ்எம்பிஎஸ் ஒன்றை அதில் மாட்டி, மதர்போர்டை இழந்தவர்கள் பலர்.

அதே ஆபத்து இன்று வேறு வடிவில் இருக்கிறது. கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில், மதர்போர்டு மற்றும் டிரைவ் பக்க முனைக்குத்தான் பொதுவான தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தத் துளையில் எந்த வோல்டேஜ் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளில்கூட இது மாறலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது, "கேபிள்தான் ஏற்கனவே மாட்டியிருக்கிறதே" என்று பழைய கேபிளை அப்படியே விட்டால், 5 வோல்ட் செல்ல வேண்டிய வழியில் 12 வோல்ட் சென்று ஹார்டு டிஸ்க் எரிந்து போகலாம். எஸ்எம்பிஎஸ்ஸை 3,000 ரூபாய் கொடுத்து மாற்றிவிடலாம். பத்து ஆண்டு குடும்பப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது? புது எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடன் வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்தவும். சர்வீஸ் செய்பவரிடமும் இதைக் கேட்டு உறுதி செய்து கொள்ளவும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் உறையை நீங்களே பிரிக்க வேண்டாம். கேபிளைக் கழற்றிய பின்னரும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

எஸ்எஸ்டியில் குழப்பம் வேறு மாதிரி. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. உங்கள் ஸ்லாட் எதை ஏற்கும் என்பது மதர்போர்டு மேனுவலில் இருக்கும். 2280 என்ற எண் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம் என்பதைக் குறிக்கிறது. இதேபோல் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியின் சிஆர்2032 என்ற பெயரிலும் 20 மிமீ விட்டம், 3.2 மிமீ தடிமன் என்ற அளவு அடங்கியிருக்கிறது.

பிராண்டட் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மாடல் பெயரை மட்டும் சொல்லி பார்ட் வாங்கக் கூடாது. ஒரே மாடல் லேப்டாப் பல வகைத் திரைகளுடன் விற்கப்பட்டிருக்கலாம். திரையின் கனெக்டரில் 30 பின்னும் இருக்கலாம், 40 பின்னும் இருக்கலாம். டெல் கம்ப்யூட்டரில் 7 எழுத்துக்கள் கொண்ட சர்வீஸ் டேக் இருக்கும். அதை டெல் சப்போர்ட் தளத்தில் தந்தால், அந்தக் குறிப்பிட்ட கம்ப்யூட்டர் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது என்னென்ன பார்ட்கள் இருந்தன என்ற பட்டியல் கிடைக்கும். லெனோவோ பார்ட்களில் எஃப்ஆர்யு எண்ணையும், எச்பி பார்ட்களில் ஸ்பேர் பார்ட் எண்ணையும் தேடவும். ஆனால் நிறுவனத்தின் பட்டியல், வாங்கிய பின் செய்த மாற்றங்களை அறியாது. செகண்ட் ஹேண்டாக வாங்கியது எனில், பட்டியல் ஒன்று சொல்லி லேபிள் வேறொன்று சொன்னால் லேபிளையே நம்புங்கள்.

கடைக்குப் போகும்போது கெட்டுப் போன பார்ட்டையும் கையில் எடுத்துச் செல்லவும். பில்லில் "ராம் 8 ஜிபி - 1" என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம். முழு பார்ட் நம்பரையும் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி கேட்டுப் போகும் நாளில் அந்தச் சீரியல் நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள்.