பழுதுற்ற பல்லும் உரிய காலச் சிகிச்சையும்

மனித உடம்பின் உறுப்புக்கள் பெரும்பாலும் தமக்கு நேர்ந்த ஊறுபாட்டைத் தாமே ஓரளவு சீர்செய்துகொள்ளும் இயல்புடையன. வெட்டுண்ட தோல் மூடுகின்றது. முறிந்த எலும்பு பொருந்துகின்றது. பல்லுக்கோ அவ்வாற்றல் மிகக் குறைவு. ஒருமுறை குழி விழுந்த பல், எத்துணை நாட் பொறுத்திருப்பினும், தானாக நிரம்புவதில்லை. ஆதலின், பல்லைப் பொறுத்தவரையிற் காலந் தாழ்த்தல் நோயை வளர்த்தலேயாம். இவ்வுண்மையை மாணவரும் பெற்றோரும் தெளிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லின் புறத்தே மிளிரி என்னும் வெண்ணிற உறை உண்டு. நம் உடம்பிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது அதுவே. எனினும், அதனை ஆக்கிய கலங்கள் பல் முளைக்கும் காலத்தில் அழிந்துவிடுதலின், இழந்த மிளிரி மீண்டும் உண்டாவதில்லை. மிளிரிக்கு உள்ளே பன்முதல் என்னும் பகுதியும், அதன் நடுவே நரம்புகளும் குருதிக்கலன்களும் செறிந்த மச்சையும் அமைந்துள்ளன. மிளிரியில் நரம்பு இல்லை. இவ்வொரு செய்தியை நினைவில் இருத்தினாற் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

பற்களின்மேற் படியும் மென்படலத்தில் வாழும் பற்றீரியாக்கள், நாம் உண்ணும் இனிப்பை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் மிளிரியிலுள்ள கல்சியம், பொசுபேற்று ஆகியவற்றைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணித்து, இழந்த கனிப்பொருள்களை ஓரளவு மீட்டுக் கொடுக்கின்றது. ஆயின், பனங்கட்டியைச் சிறிது சிறிதாகக் கடித்துக்கொண்டு நாளிற் பலமுறை தேநீர் அருந்துவோர் வாயில், உமிழ்நீர் தன் பணியை முடிக்குமுன்னரே அடுத்த அமிலம் ஊறிவிடும். உண்ணும் இனிப்பின் அளவினும், அதனை எத்தனை முறை உண்கின்றோம் என்பதே பல்லுக்குப் பெருங்கேடு பயப்பது.

நோயின் முதற்படியில் மிளிரியில் ஒரு வெண்புள்ளி மட்டும் தோன்றும். புளோரைட்டுக் கலந்த பற்பசையாலும் உணவு ஒழுங்கினாலும் இந்நிலையில் நோயைத் தடுத்து நிறுத்தல் கூடும். இரண்டாம் படியில் மிளிரி உடைந்து குழி விழும். இப்பொழுது சூத்தையை அகற்றிப் பல்லை அடைத்தல் வேண்டும். பெரும்பாலும் ஒருமுறை பல்வைத்தியரிடஞ் சென்றாலே இவ்வேலை முடிந்துவிடும். மூன்றாம் படியில் நோய் மச்சையை அடையும். வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்தாலன்றி அப்பல்லைக் காத்தல் அரிது. இதனையும் கடந்தால், பிடுங்குதலே எஞ்சிய வழி. முதலிரு படிகளிலும் வலி பெரும்பாலும் இராது. மிளிரியில் நரம்பின்மையே அதற்குக் காரணம். எனவே, “நோகும்போது பார்த்துக்கொள்வோம்” என்றிருப்பவர், எளிய சிகிச்சைக்குரிய காலம் கழிந்த பின்னரே வைத்தியரை நாடுகின்றார்.

இதனினும் கொடிய மயக்கம் ஒன்றுண்டு. மச்சையானது கடினமான சுவர்களுக்குள் அடைபட்டிருப்பது. அது வீங்கும்போது விரிதற்கு இடமின்றித் தன் குருதியோட்டத்தை இழந்து இறுதியில் இறந்துவிடுகின்றது. நரம்பும் உடன் இறத்தலின், பல இரவுகள் உறக்கத்தைக் கெடுத்த வலி ஒருநாள் திடீரென நிற்கும். நோயாளியோ கராம்பு எண்ணெயாற் குணமாயிற்றென மகிழ்வார். உண்மையில் வலி நின்றது நோய் தீர்ந்தமையாலன்று, பல் இறந்தமையால். அதன்பின் நோய்க்கிருமிகள் வேரின் நுனி வழியே தாடை எலும்பிற் புகுந்து சீழ்க்கட்டியை உண்டாக்கும். கீழ்த்தாடைப் பற்களிலிருந்து இவ்வாறு பரவும் தொற்று, நாவின் அடியிலும் கழுத்திலும் வீங்கி மூச்சுவழியை அடைத்தலும் உண்டு. செருமானிய வைத்தியர் லூட்விக் 1836 ஆம் ஆண்டில் விளக்கிய இந்நோய் இன்றும் உயிர்க்கு இடர் விளைப்பதே. வாய் திறக்க இயலாமை, விழுங்குதலில் இடர், கழுத்து வீக்கம், காய்ச்சல் ஆகியன தோன்றின் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். மூட்டுவாதக் காய்ச்சலால் இருதய வாயில்கள் பழுதுற்றோர்க்குப் பல்லிலிருந்து குருதியிற் கலக்கும் கிருமி இருதயத்தையே தாக்கக்கூடும். அவர்கள் பற்சுகாதாரத்தில் இருமடங்கு விழிப்புடனிருத்தல் நன்று.

பெற்றோர் சிறப்பாக அறிய வேண்டிய பல் ஒன்றுண்டு. ஏறக்குறைய ஆறு வயதில், பாற்பற்கள் இருபதுக்கும் பின்னே, எப்பல்லும் விழாமலே முதலாவது நிலைத்த கடைவாய்ப்பல் முளைக்கின்றது. எதுவும் விழாமையின், அதனையும் பாற்பல் எனக் கருதி, சூத்தை பிடித்தாலும் “விழப்போகின்ற பல்தானே” என்று பலர் வாளாவிருந்துவிடுவர். அஃது இழந்தால் வேறொன்று முளையாது. பக்கத்துப் பற்கள் அவ்விடத்துச் சாய, எதிர்ப்பல் நீண்டு வளர, வாய் முழுவதும் ஒழுங்கு குலையும். பாற்பற்களையும் இகழ்தலாகாது, கடைவாய்ப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நின்று, வருங்காலப் பற்களுக்கு இடங்காத்துக் கொடுப்பன.

சூத்தைக்குரிய காலம் மாதங்கள் எனின், அடிபட்ட பல்லுக்குரிய காலம் நிமிடங்களே. விளையாட்டு மைதானத்தில் துடுப்பாட்டப் பந்து பட்டோ விழுந்தோ நிலைத்த பல் வேரோடு கழன்றால், அதனை எறிந்துவிடலாகாது. வேரைத் தொடாது முடிப்பகுதியைப் பற்றி எடுத்து, அழுக்கிருப்பிற் பாலாலோ சுத்தமான நீராலோ சில வினாடி மட்டும் அலசி, உடனே அதன் குழியிற் பொருத்திக் கைக்குட்டையை மெல்லக் கடித்துக்கொள்ளச் செய்க. இயலாவிடிற் பாலில் இட்டுப் பல்வைத்தியரிடம் விரைக. வேரைத் தேய்த்தலும் உலரவிடுதலும் கூடா. ஒரு மணிநேரம் உலர்ந்துவிட்டால் வேரைப் பற்றியுள்ள கலங்கள் பெரும்பாலும் இறந்துவிடும். கழன்றது பாற்பல்லாயின் திரும்பப் பொருத்தலாகாது. விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் யாவரும் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

காலத்தாற் பேணுதலின் பயனை அறிந்தே நியூசீலாந்து நாட்டினர் 1921 ஆம் ஆண்டிற் பாடசாலைப் பிள்ளைகளுக்கெனப் பற்றாதியரைப் பயிற்றத் தொடங்கினர். 1950களிற் கொழும்புத் திட்டத்தின்கீழ் அந்நாடு அளித்த உதவியுடன் மகரகமையில் அத்தகைய பயிற்சி நம் நாட்டிலும் தொடங்கியது. இன்று அரசாங்க வைத்தியசாலைகளிற் பற்சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகின்றது. ஆதலின், வறுமையைக் காரணங்காட்டிக் காலங் கடத்த வேண்டியதில்லை.

சைவ நித்திய கரும விதிகளுள் தந்தசுத்தி தனியிடம் பெறுவது. நாள்தோறும் இருமுறை பல் துலக்குதலோடு, நோவில்லாத காலத்திலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பற்களைக் காட்டி வருதலையும் அவ்வொழுக்கத்தின் பகுதியாகவே கொள்க. பழைய மாணவர் சங்கம் கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு பற்பரிசோதனை நாளை ஒழுங்கு செய்யுமாயின், அது சிறுவர் பலரின் பற்களைக் காக்கும். அதற்கு முன்னர், இம்மலரைப் படித்து முடிக்கும் தந்தையர் இன்றிரவே விளக்கொளியில் தம் பிள்ளையின் கடைவாயை ஒருமுறை நோக்குவாராக. ஆங்கே கரும்புள்ளியோ குழியோ தென்படின், நோவு தோன்றும்வரை காத்திராது வைத்தியரை நாடுக.