எட்டு டிஸ்க் வாங்கும் முன்

சேந்தமங்கலத்தில் இருக்கும் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் ஸ்டுடியோவில் இருபது வருடக் கல்யாண, காதுகுத்து வீடியோக்கள் கண்ட கண்ட டேப்புகளிலும் டிஸ்க்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. எட்டு ஹார்டு டிஸ்க் போட்டு வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசியம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் எட்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடாதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. கணக்கு எளிது. மூன்று டிஸ்க்குகளில் 1, 0, 1 என்று எழுதியிருக்கிறது. மொத்தம் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணினால் இரட்டைப்படை வர வேண்டும் என்று விதி வைத்துக்கொள். இரண்டு இருப்பதால் நான்காவது டிஸ்க்கில் 0 எழுதுகிறோம். நடு டிஸ்க் செத்துப்போனாலும் மீதியில் 1, 1, 0 இருக்கிறது. விதிப்படி, போனது 0-ஆகத்தான் இருக்க முடியும். இப்படியே ஒவ்வொரு பிட்டாகக் கணக்குப் போட்டுச் செத்த டிஸ்க்கைப் புது டிஸ்க்கில் எழுப்பிவிடலாம்.

எழுப்பும்போது மற்ற எல்லா டிஸ்க்குகளையும் முழுதாகப் படித்தாக வேண்டும். 4 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் இன்னொன்று மண்டையைப் போட்டால் எல்லாம் போச்சு. அதனால் இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பைத் தேர்ந்தெடு. சன் நிறுவனத்திலிருந்து 2005-இல் வெளிவந்த இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அந்த வசதி உண்டு; இலவசமாகக் கிடைக்கும் ட்ரூநாஸ் என்ற சர்வர் மென்பொருளில் இசட்எஃப்எஸ்ஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். எழுதியது எழுதியபடியே இருக்கிறதா என்றும் இசட்எஃப்எஸ் சரிபார்க்கும். மாதம் ஒருமுறை அந்தச் சோதனையை ஓடவிடு.

இனி முக்கியமான விஷயம். நாமக்கல் லாரிக்காரர்களைக் கேட்டுப்பார்: டயர் போனால் ஸ்டெப்னி கைகொடுக்கும், வண்டி கவிழ்ந்தால் லோடை அது காப்பாற்றாது. ரெய்டும் அப்படித்தான். நீ ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், எல்லா டிஸ்க்கிலும் அந்த நொடியே அழியும். இடி, திருட்டு, வைரஸ் எது வந்தாலும் பெட்டியோடு போகும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்: 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு எங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. அவற்றை இனி யாராலும் மீட்க முடியாது. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஒரே கட்டடத்தை நம்பியிருந்ததால் நேர்ந்த இழப்பு இனி நேராமல் இருக்க, இப்படிப் பிரதியை வேறு இடத்திலும் வைப்பதுதான் வழி.

ஆகவே உன் எட்டு 4 டிபி டிஸ்க்குகளை இப்படிப் பிரி. ஐந்து சர்வருக்கு: மொத்தம் 20 டிபி, பாதுகாப்புக்கு இரண்டு டிஸ்க் அளவு போக 12 டிபி கையில் நிற்கும். மீதி மூன்றும் சேர்ந்து அதே 12 டிபி. அவற்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து ராசிபுரத்திலோ சேலத்திலோ சொந்தக்காரர் வீட்டு பீரோவில் வை. மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதியதைச் சேர்த்துத் திருப்பி அனுப்பு.

டிஸ்க்குகளை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதே. ஒரே சமயத்தில் தயாரானவை ஒரே சமயத்தில் பழுதாகவும் கூடும். சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்கு. எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், எழுப்பும் வேலை இழுத்துக்கொண்டே போகும். டிஸ்க் வந்ததும், அது தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திற. "ரீஅலோகேட்டட் செக்டார்" வரியில் 0 இல்லையென்றால் அன்றைக்கே திருப்பிக் கொடு.

சித்திரை வெயிலில் தகரக் கூரை மாடியறை ஆகாது. காற்றோட்டமுள்ள கீழ் அறையில் வை. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதே. கரண்ட் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்துபோகலாம். தனியாக யூபிஎஸ் வாங்கி, யூஎஸ்பி ஒயரால் சர்வரோடு இணை. பேட்டரி தீரும் முன் சர்வர் தானே முறையாக அணையும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார். கொல்லிமலைப் பக்கம் இடி இடித்தால் கரண்ட் பிளக்கோடு நெட் ஒயரையும் கழற்று.

நகலெடுத்ததோடு விட்டுவிடாமல், அவ்வப்போது பீரோ டிஸ்க்கிலிருந்து ஒரு கல்யாண வீடியோவை எடுத்து ஓட்டிப் பார். ஓடினால்தான் அது பிரதி.

வேலையை மினிடிவி டேப்புகளிலிருந்து ஆரம்பி. அவற்றை ஓட்டும் கேமரா கிடைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது. டிஸ்க்கை அடுத்த மாதம்கூட வாங்கலாம். முதலில் எந்த டேப்பை ஏற்றினாய் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்