முன்கூடையில் எதை ஏற்றலாம்? சைக்கிளில் சரக்கு அனுப்பும் வணிகர்கள் கவனத்திற்கு

அரிமளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர் ஒருவர், புதிதாக மாட்டிய முன்கூடையில் பத்து கிலோ அரிசிப் பையையும் அதன்மேல் இரண்டு டஜன் முட்டையையும் வைத்துக் கடைத்தம்பியை அனுப்பினார். தெருமுனையில் திரும்பும்போது பாரம் ஹேண்டிலை ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. முட்டை போனது போகட்டும். தம்பியின் முழங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய கூடை அது.

மொபட் இருக்கும்போது சைக்கிள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நாலு தெருவுக்குள் சாமான் கொடுத்துவிட்டு வர, பெட்ரோலும் லைசென்சும் கேட்காத வண்டி அதுதான். நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தை, பின் கேரியரில் தண்ணீர்க் குடம் அல்லது விளைபொருள் என்று, பஸ்ஸுக்குக் காத்திராமல் போய்வந்தார்கள். பாரத்தைப் பின்னால் வைத்த அந்த முறை சரியான முறை.

காரணம் வண்டியிலேயே இருக்கிறது. நம் பழைய 28 அங்குலச் சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ் கம்பிகள். பின் சக்கரத்தில் 40. எண்ணிப் பார்த்தால் தெரியும். மேலும், ஹேண்டிலில் மாட்டிய கூடை ஹேண்டிலோடு சேர்ந்தே திரும்பும். பாரம் உயரத்திலும் முன்னால் தள்ளியும் இருந்தால், திருப்பும்போது அது தன் வழியில் இழுக்கும்.

இங்கிலாந்தில் இறைச்சிக் கடை, மளிகைக் கடைக்காரர்கள் இதற்கென்றே தனி வண்டி வைத்திருந்தார்கள். முன் சக்கரம் சிறியது. கூடை தாங்கும் சட்டம் ஃபிரேமோடு சேர்ந்தது. ஆகவே ஹேண்டிலைத் திருப்பினாலும் கூடை திரும்பாது. பாரமும் தாழ்வாக நிற்கும். நம் பட்டறைகளிலும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றும். பழைய ஃபிரேமில் பற்றவைத்தால் சூடு பட்ட இடத்தில் பின்னால் விரிசல் காணலாம். கிளாம்பு போட்டு முடுக்குவதே மேல்.

கடையில் கூடை எடுக்கும்போது முதலில் கால்களைப் பாருங்கள். ஹேண்டிலில் கொக்கி போட்டுத் தொங்கும் கூடை கையெழுத்து நோட்டுக்கும் பில் புத்தகத்துக்கும்தான் உதவும். இரண்டு கம்பிக் கால்கள் முன் சக்கர அச்சு வரை இறங்கி, எடையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அச்சில் அந்தக் கால், வாஷர், நட்டு மூன்றுக்கும் போதிய மரை இருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். நட்டு பாதி மரையில் நின்றால் வழியில் கழன்றுவிடும். மாட்டிய பின் இரண்டு கையாலும் அழுத்தி, ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கம்பி பிரேக் உள்ள வண்டியில் கூடையின் முதுகு பிரேக் கம்பியில் இடித்தால் அந்தக் கூடை வேண்டாம். விளக்கை மறைத்தால் விளக்கைக் கூடைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் நம் வெயிலில் நாளடைவில் நொறுங்கும். பிரம்பு பார்க்க அழகு. மழையில் நனைந்தால் தளரும். நெருக்கமான கம்பிவலைக் கூடைதான் எங்கள் விருப்பம். அடியில் ஒரு சாக்குத் துண்டு விரித்தால் போதும்.

எடையைப் பொறுத்தவரை எங்கள் கணக்கு இது: ஹேண்டிலில் மட்டும் நிற்கும் கூடையில் 5 கிலோவுக்குள், அச்சில் ஊன்றிய கூடையில் 10 கிலோவுக்குள். கூடை செய்தவர் அதற்குக் குறைவாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. முட்டை, ரொட்டி, வெற்றிலை, மருந்து ஆகியவை முன்னால், கண் பார்வையில் போகட்டும். அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின் பின் கேரியரில், பழைய டியூப் வாரால் இறுகக் கட்டி. முன்பாரம் உள்ள வண்டியைப் பக்க ஸ்டாண்டில் நிறுத்தினால் முன் சக்கரம் திரும்பி வண்டி சாயும். இரட்டைக் கால் ஸ்டாண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

கூடை வாங்கப் போகும்போது வண்டி ஓட்டும் தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.