வலது ஓரம் வேறு, வலமிருந்து இடம் வேறு

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தமிழோடு உருதுவும் அன்றாடம் புழங்குகிறது. ஆம்பூருக்கு அருகே 1924-இல் தொடங்கிய உமராபாத் ஜாமியா தாருஸ்ஸலாம் மதரஸா இருக்கிறது. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கோ தோல் கம்பெனிக்கோ இணையப் பக்கம் செய்பவருக்கு, வலமிருந்து ஓடும் உருதுவும் இடமிருந்து ஓடும் தமிழும் கலந்து வரும் இருதிசை எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: உருது வரியை வலது ஓரத்துக்குத் தள்ளினால் போதும்.

உண்மை: போதாது. உருது எழுத்துகள் தமக்குள் வலமிருந்து இடமாகச் சரியாகவே சேரும். யூனிகோடின் இருதிசை விதி அதைப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பிழை உடனே கண்ணில் படுவதில்லை. வரிக்கு நடுவே ஒரு செருப்பு பிராண்டின் ஆங்கிலப் பெயர் வரட்டும், வாக்கியத்தின் முற்பாதி இடப்பக்கம் போய்விடும், பிற்பாதி வலப்பக்கம் நிற்கும். படிப்பவர் முடிவிலிருந்து தொடங்குவார். ஹெச்டிஎம்எல்லில் அந்தப் பத்தியின் திசையைக் குறிக்கும் ‘டிர்’ (dir) பண்புக்கு ‘ஆர்டிஎல்’ (rtl, வலமிருந்து இடம்) என்று மதிப்புக் கொடுப்பதே தீர்வு. 1997-இல் வந்த ஹெச்டிஎம்எல் 4.0-இலேயே இந்த வசதி உண்டு.

நம்பிக்கை: திசையை அலங்காரக் கோப்பான சிஎஸ்எஸ்ஸில் எழுதினாலும் ஒன்றுதான்.

உண்மை: அலங்காரக் கோப்பு ஏறாவிட்டால் திசையும் போய்விடும். திசை என்பது எழுத்தின் பொருளைச் சேர்ந்தது. அதை ஹெச்டிஎம்எல்லிலேயே குறிக்கும்படி இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி சொல்கிறது.

நம்பிக்கை: மொழி உருது என்று குறித்தால் திசை தானாக வரும்.

உண்மை: வராது. திசை லிபிக்கு உரியது, மொழிக்கு அல்ல. தமிழையே அரபு லிபியில் எழுதிய அர்வி நூல்கள் வலமிருந்துதான் ஓடுகின்றன.

நம்பிக்கை: ‘ஆர்டிஎல்’ கொடுத்தபின் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: தொலைபேசி எண்ணில்தான் பலர் இடறுகிறார்கள். உருதுவிலும் எண்கள் இடமிருந்து வலமாகவே படிக்கப்படுகின்றன. ஆனால் இடைவெளி விட்டுத் தட்டிய ‘+91 416’, வலமிருந்து ஓடும் பத்தியில் ‘416 91+’ என்று தெரியும். ஒவ்வொரு எண்தொகுதியும் சரிதான், வரிசைதான் தலைகீழ். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குபவர் திரையைப் பார்த்து டயல் செய்தால் அழைப்பு வந்து சேராது. எண்ணை மட்டும் தனி உறுப்பில் வைத்து ‘எல்டிஆர்’ (ltr, இடமிருந்து வலம்) என்று குறித்தால் சரியாகிவிடும்.

பக்கத்தை வெளியிடுமுன் உருது வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, முகவரியையும் எண்ணையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.