கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

வெள்ளவத்தை காலி வீதிச் சேலைக் கடைகளிலும், செட்டியார் தெரு நகைக் கடைகளிலும், கொட்டாஞ்சேனைப் பார்மசிகளிலும், கந்தோர்களிலும், பாடசாலைகளிலும் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொடர்ந்து 12 மாதம் வராமலிருந்தால் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கெடுப்பார்கள். அதற்கு முந்திய சில வருடங்கள்தான் பலரை அதிகம் படுத்துகின்றன. அந்த வருடங்களிலும் அவர்கள் காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிள்ளை பெரியவளானால் மண்டபம் பிடித்து, அட்டை அடித்து, வீடியோ எடுத்துச் சாமத்திய வீடு கொண்டாடுகிறோம். முப்பத்தைந்து வருடம் கழித்து அதே உடம்பு மறுபடி மாறும்போது வீட்டிலும் பேச்சில்லை, வேலைத்தலத்திலும் பேச்சில்லை. காதோடு காதாகச் சொல்லப்படுவதில் பாதி பிழை. அவற்றில் வேலைத்தலத்தோடு தொடர்புள்ளவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“அந்த நேரம் கொஞ்சம் வேர்க்கும், உடம்பு கொதிக்கும். வேற ஒண்டுமில்லை.”

நமது பெண்கள் சொல்லும் வருத்தம் வேறு வரிசையில் இருக்கிறது. 45 முதல் 60 வயது வரையான 683 இலங்கைப் பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2009இல் வெளியானது. மூட்டு, தசை வலி இருப்பதாகச் சொன்னவர்கள் 74.7 சதவீதம். உடலும் மனமும் களைத்துப்போவதாகச் சொன்னவர்கள் 53.9 சதவீதம். திடீரென்று உடம்பு கொதித்து வேர்ப்பதாகச் சொன்னவர்கள் இவர்களுக்கும் பிறகுதான், 39.1 சதவீதம்.

நாற்பத்தெட்டு வயது அக்கா ஒருவர் “முழங்கால் உளையுது, விடிய எழும்பினா விரல் மடக்க ஏலாமக் கிடக்கு” என்றால் சுற்றி நிற்பவர்கள் வாதம் என்பார்கள், வயது என்பார்கள், நிறை கூடிவிட்டது என்பார்கள். மாதவிடாய் மாற்றத்தோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர் அரிது. ஈஸ்ட்ரஜன் குறையும்போது மூட்டு, தசை, எலும்பு எல்லாமே அதை உணர்கின்றன. இரவில் வியர்த்து விழித்து நித்திரை குழம்பினால் அடுத்த நாள் அதே வலி இரட்டிப்பாகத் தெரியும்.

அந்த உடம்போடு சேலைக் கடையில் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க வரும் குடும்பத்துக்கு இருபது, முப்பது சேலை விரித்துக் காட்ட வேண்டும். மேல் தட்டிலிருந்து எட்டி இறக்க வேண்டும், முந்தானையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் “பிறகு வாறம்” என்று போனதும், விரித்த அத்தனையையும் சரிகை முறியாமல் பழைய மடிப்பிலேயே மடித்து மேலே ஏற்ற வேண்டும். தோள்மூட்டும் மணிக்கட்டும் விரல்களும் ஓயாமல் உழைக்கும் வேலை அது. அதன் பிறகு வாடிக்கையாளர் இல்லாத அரை மணித்தியாலம் கிடைத்தாலும் பல கடைகளில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆட்கள் இருந்தால் கடை சோம்பிக் கிடப்பதுபோல் தெரியும் என்று முதலாளிமார் நினைக்கிறார்கள்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்த நினைப்பைச் சட்டம் மாற்றியது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினார். கடைப் பெண்களுக்கு முதலில் கழிப்பறை கேட்டுப் போராடினார்கள், பிறகு இருக்கை கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளா தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி வேலையாட்கள் இருந்து இளைப்பாறும் உரிமையைச் சேர்த்தது. 2021இல் தமிழ்நாடும் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பெண்கள் மாதவிடாய் நிற்பதைச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் 683 பெண்கள் சொன்ன முதல் இரண்டு வருத்தங்களுக்கும் வேலைத்தலத்தில் செய்யக்கூடிய முதல் உதவி அந்த இருக்கைதான். காலி வீதிக் கடையொன்றில் கவுண்டருக்குப் பின்னால் நாலு ஸ்டூல் போடுவதற்கு முதலாளி சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நல்ல சேலையின் விலைகூட ஆகாது.

“இது வீட்டு விஷயம். வேலையிடத்தில கதைக்கிறதுக்கில்லை.”

நமது ஊழியர் சேமலாப நிதியில் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பணத்தை எடுக்கலாம். 1958இல் வந்த சட்டம் அது. ஐம்பதோடு பெண்ணின் உழைப்புக் காலம் முடிகிறது என்ற எண்ணம் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை இருபாலாருக்கும் 60 ஆக்கியது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் இருக்கக்கூடிய குடும்பங்கள் கொழும்பில் எத்தனை? ஐம்பது வயதில் மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்கு அதன் பிறகும் பத்து வருட வேலை இருக்கிறது. நாளின் எட்டு மணித்தியாலம் வேலைத்தலத்தில் கழிகிறது. உடம்பு அந்த எட்டு மணித்தியாலத்தை விலக்கிவைத்துவிட்டு மாறுவதில்லை.

கதைப்பது என்றால் எல்லாவற்றையும் போட்டு உடைப்பது என்று பலர் பயப்படுகிறார்கள். கடை மேற்பார்வையாளர் பெரும்பாலும் இளம் பொடியன். “அக்கா, முகம் வாடிக் கிடக்கு, சுகமில்லையோ?” என்று கேட்பான். “ஒண்டுமில்லைத் தம்பி, ராத்திரி நித்திரையில்லை” என்று அவர் சொல்லுவார். பேச்சு அங்கேயே செத்துப்போகும். அவன் அடுத்ததாக மாதவிடாயைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை, கேட்கவும் கூடாது. “இருந்து செய்யிற வேலை ஏதும் வேணுமெண்டா சொல்லுங்கோ அக்கா. எனக்குச் சொல்ல ஒரு மாதிரியெண்டா மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ” என்றால் போதும். காரணம் சொல்லாமலே உதவி கேட்க முடிவது பெரிய விடுதலை. கணக்குப்பகுதியிலோ நிர்வாகத்திலோ ஒரு மூத்த பெண்ணை இதற்கென்று வைத்துக்கொள்வது சிறிய நிறுவனத்துக்கும் முடியும்.

“ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா எல்லாரும் லீவு கேப்பினம்.”

கடை, காரியாலய ஊழியர் சட்டம் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் தருகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்துக்கென்று இலங்கையில் தனி லீவு கிடையாது. ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு வேண்டியவை லீவுக் கணக்கில் வராதவை.

முதலாவது கழிப்பறை. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய வருடங்களில் சிலருக்கு இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் வரும், நாள் சொல்லாமல் வரும். கழிப்பறை மூன்றாம் மாடியில், சாவி முதலாளியின் லாச்சியில், போகும்போது கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் ஒரு பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பாள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீர் குடிக்காமல் வியர்த்தால் தலையிடியும் மயக்கமும் வரும். பாடசாலையில் ஆசிரியைக்கு நிலைமை இன்னும் இறுக்கம், மணி அடிக்கும்வரை வகுப்பை விட்டு வெளியேற ஏலாது. பக்கத்து வகுப்பு ஆசிரியை பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை அதிபர் வெளிப்படையாக ஒத்துக்கொண்டாலே அந்த நெருக்கடி தணியும்.

பிறகு சீருடை. கடைகள் கொடுக்கும் பொலியெஸ்டர் சேலை காற்றை விடாது. பருத்தித் துணியில், கறை தெரியாத கடும் நிறத்தில் கொடுத்தால் இரண்டு பிரச்சினை ஒன்றாகத் தீரும். மேசையில் ஒரு சின்ன ஃபேன் வைக்கலாம். வெள்ளவத்தையிலிருந்து நூறாம் நம்பர் பஸ்ஸில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் ஒருவரை நெரிசலுக்கு அரை மணித்தியாலம் முந்தி விடலாம். காலையில் அவர் அரை மணித்தியாலம் முந்தி வருவார்.

பிரித்தானியாவில் சனல் 4 தொலைக்காட்சி 2019இல் இதற்கென்று நிறுவனக் கொள்கை வெளியிட்டது. 2023இல் பி.எஸ். 30416 என்ற தரநிர்ணயமும் வந்தது. அவை பேசுவதும் பெரும்பாலும் இந்த மாதிரியான சின்னச் சின்னச் சலுகைகளைத்தான்.

“ஞாபகம் போச்சு. இனி அவவுக்குக் கணக்கு வேலை குடுக்கேலாது.”

பெயர் வாயில் வராது, எடுத்த பைலை எங்கே வைத்தோம் என்று தெரியாது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது நழுவும். இது மெய்யாகவே நடக்கிறது, கற்பனை கிடையாது. ஆனால் இது மறதிநோயின் தொடக்கம் என்று முடிவுகட்டுவது தவறு. பல வருடங்கள் ஒரே பெண்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வான ‘ஸ்வான்’, மாறும் காலத்தில் புதிதாகக் கற்றுக்கொள்வதில் ஏற்படும் தடுமாற்றம் அந்தக் காலம் கடந்ததும் விலகுவதைக் கண்டது. இருபது வருடம் பேரேடு எழுதிய ஒரு பெண்ணை இரண்டு பிழைக்காகக் காசு மேசையிலிருந்து எழுப்புவது அநியாயம். நிறுவனத்துக்கும் நட்டம்தான், ஏனென்றால் எந்த வாடிக்கையாளர் எப்போது கடன் கட்டுவார் என்பது அவர் தலைக்குள்தான் இருக்கிறது. தொலைபேசி அடிக்காத மூலையில் மேசை, மாதக் கடைசியில் கணக்கைச் சரிபார்க்க இரண்டாவது ஆள், இரண்டும் போதும்.

“ஆறு மாசத்தில எல்லாம் சரியாகும்.”

அதே ஸ்வான் ஆய்வில் உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் நடுவளவாக 7.4 வருடம் நீடித்தன. சலுகையை ஒரு மாதத்துக்கென்று கொடுத்துவிட்டுப் பறித்தால் பயனில்லை.

“ஹோர்மோன் குளிசை குடிச்சா புற்றுநோய் வரும்.”

இந்தப் பயம் 2002இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வு அந்த வருடம் இடைநிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் கூடியது என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. கூடியது உண்மை. ஆனால் கூடிய அளவு வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேர். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயதோ 63. இன்று மருத்துவர்கள், 60க்குக் குறைந்த வயதில் அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், வேறு தடை இல்லாத பெண்ணுக்கு இந்தச் சிகிச்சையால் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்று கருதுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்கும் கணக்கு வேறு. தீர்மானம் டொக்டரின் அறையில் எடுக்கப்பட வேண்டும், சாப்பாட்டு இடைவேளையில் எடுக்கப்படக்கூடாது. பார்மசியில் தானாகக் கேட்டு வாங்கவும் கூடாது.

“அவவுக்கு இன்னும் ஐம்பதாகேல்லை, அது இருக்காது.”

நாற்பதுக்கு முன்னும் நிற்கலாம். நூறு பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு அப்படி நடக்கிறது. சூலகங்களை அகற்றும் சத்திரசிகிச்சை செய்தவருக்கு முப்பத்தைந்திலேயே ஒரே நாளில் எல்லாம் வந்து இறங்கும். அவரிடம் வயதைக் காட்டி வாதாடக்கூடாது.

மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் இந்த வயதின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதும் ஆபத்து. களைப்பு இரத்தச்சோகையாக இருக்கலாம், தைரொயிட்டாக இருக்கலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மீண்டும் இரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம்.

இதைப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் இலவசமாக நடக்கின்றன. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் அங்கே பார்க்கிறார்கள், இந்த வயதின் கரைச்சல்களையும் கேட்கிறார்கள். எந்த நாளில் நடக்கிறது என்று பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். அது பெரும்பாலும் வார நாளில், கடையும் கந்தோரும் திறந்திருக்கும் நேரத்தில் இருக்கும். ஆகவே முதலாளிமாரிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த அரை நாளைச் சம்பளம் வெட்டாமல் கொடுங்கள், முடிவு வாங்கத் திரும்பப் போகும் நாளுக்கும் சேர்த்து.